நல்லவரை எதிரணியில் நிறுத்துவது: கேம் மாஸ்டர்களுக்கான கையேடு

கேம் மாஸ்டர் ஒருவர் கதையை நடத்த, பிளேயர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதன் மான்ஸ்டர் பட்டியலில் யூனிகார்ன் (ஒற்றைக்கொம்புக் குதிரை), கோவாட்டில் (சிறகுள்ள பாம்பு), டேவா (தேவதூதர்), பொன் டிராகன், வெள்ளி டிராகன் என்று நல்ல குணமுள்ள உயிர்கள் ஏராளம். பெரும்பாலான டேபிள்களில் இவற்றுக்கு இரண்டே வேலைதான்: வழி சொல்வது, காயம் ஆற்றுவது. ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்), ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), தாக்குதல் எல்லாம் அச்சில் இருந்தும் அந்தப் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

திருப்பலாம். ஆனால் கெட்ட எதிரியை நிறுத்துவதைவிட இதற்கு உழைப்பு அதிகம். அந்த உயிர் கேட்பது நியாயமாக இருக்க வேண்டும். பார்ட்டி, அதாவது பிளேயர்களின் பாத்திரக் குழு, கேட்பதும் நியாயமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லாமலும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காட்சி சரிந்துவிடும்.

பழனி பக்கத்துக்காரர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். அகத்தியர் இட்ட வேலையாகச் சிவகிரியையும் சக்திகிரியையும் காவடியாகச் சுமந்து வருகிறான் இடும்பன். ஆவினன்குடியில் இறக்கிவைத்துவிட்டு மறுபடி தூக்கப் போனால் மலை அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டு இது என் மலை என்கிறான். சுமந்தவன் குரு சொல்லைக் காக்கிறான், நிற்பவன் தன் இடத்தைக் காக்கிறான். சண்டையில் இடும்பன் விழுகிறான், பின் உயிர் பெற்று அந்த மலைக்கே காவலனாகிறான். படியேறும் பக்தர்கள் இன்றும் அவன் சன்னதியைத் தாண்டித்தான் போகிறார்கள். தோற்றவனுக்கும் கதையில் ஓர் இடம் கிடைக்கிறது. நல்ல எதிராளியை எழுதும்போது அந்த இடத்தை முதலிலேயே தீர்மானித்து வைத்துவிடுங்கள்.

இங்கே வரும் எண்கள் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. கீழே பேசப்படும் உயிர்களின் சண்டை எண்கள் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதி ஆவணத்தில் இருக்கின்றன. 2023 ஜனவரியில் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால் காசு கொடுக்க வேண்டியதில்லை. களமாகக் கொடைக்கானல் மேல்மலையைப் போன்ற ஒரு கற்பனை மலையை எடுத்துக்கொள்வோம்: பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி, புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கும் சீகை (வாட்டில் மரம்) காடு, படிப்படியாகப் பூண்டு வயல்.

மோதலை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி. ஒன்று, அந்த உயிர் எதைக் காக்கிறது. இரண்டு, பார்ட்டியை அனுப்பியவர்களுக்கு என்ன வேண்டும். மூன்று, இரண்டும் ஏன் சேர்ந்து நடக்காது. மூன்றாவது வரிதான் கடினம். "யூனிகார்னுக்கு மனிதரைப் பிடிக்காது" என்று எழுதினால் அது நல்ல உயிர் அல்ல, சிடுமூஞ்சி. "ஊற்று நீர் ஒரு பக்கத்துக்குத்தான் போதும்" என்று எழுதினால் வேலை நடக்கும்.

எழுதியதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இரு தரப்பும் உண்மையை முழுதாகச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினால் தகராறு தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால் உங்களிடம் இருப்பது வெறும் தவறான புரிதல். அதை நீட்டிக்க எதிராளி பேச மறுக்க வேண்டியிருக்கும், நல்ல உயிர் காரணமின்றிப் பேச மறுப்பதைப் பிளேயர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். மந்திரத்தால் மயக்கப்பட்ட தேவதூதர், தேவதூதர் வேடத்தில் வந்த பேய், பொய்த் தகவலால் ஏமாந்த பாலடின் (தெய்வ சபதமேற்ற வீரர்) ஆகிய மூன்றும் இந்த வகைதான். துப்பறியும் கதையாக ஒருமுறை ஓடும். எதிரணியாக நிற்காது.

இரண்டு நல்லவர்கள் உண்மையாகவே மோதும் இடங்கள் எண்ணிப் பார்த்தால் குறைவுதான். இரு ஊருக்குப் போதாத ஒரே வளம். அழிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் இருக்கும் ஒரு பொருள். என்றோ கொடுத்த வாக்கு. தண்டனையா மன்னிப்பா என்று தெரியாத ஒரு கைதி. இன்று சிலரைக் காப்பதா, பத்து வருடம் கழித்துப் பலரைக் காப்பதா என்ற கணக்கு. இவற்றில் வளமும் வாக்கும் புதிய கேம் மாஸ்டருக்கு எளிது. கைதிக் கதையைப் பழகிய டேபிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குணம் விதியில் எங்கே தட்டுப்படும்

ஐந்தாம் பதிப்பில் அலைன்மென்ட் (நல்லவர், கெட்டவர் என்ற குறி) பெரும்பாலும் குணக்குறிப்புதான், சண்டைக் கணக்கில் அது வருவது அபூர்வம். ஆனால் வரும் இடங்கள் நல்ல எதிராளி வந்தவுடன் ஒவ்வொன்றாகத் தலைநீட்டும்; முன்பே தெரிந்திருப்பது நல்லது.

'டிடெக்ட் ஈவில் அண்ட் குட்' மந்திரம் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்லாது. செலஸ்டியல் (விண்ணுலக உயிர்), ஃபே (வன தேவதை), ஃபீண்ட் (பேய்), அன்டெட் (செத்தும் நடமாடுவது) போன்ற உயிர்வகைகள் எங்கே இருக்கின்றன என்றுதான் காட்டும். 'புரொடக்ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட்' செலஸ்டியலிடமிருந்தும் காக்கும். டேவாவின் கதாயுதம் அந்த மந்திரம் உள்ளவர்மேல் டிஸ்அட்வான்டேஜோடுதான் (இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) விழும். பெயரில் குட் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பாலடினின் டிவைன் சென்ஸ் செலஸ்டியலைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே டேவா மனித வேடத்தில் வருகிறதென்றால் பார்ட்டியில் பாலடின் இருக்கிறாரா என்று பாருங்கள். டேவாவுக்கும் கோவாட்டிலுக்கும் ரேடியன்ட் (ஒளி) சேதம் பாதிதான். ஸ்மைட் என்ற ஒளி அடியை நம்பி இறங்கும் பாலடின் முதல் அடியிலேயே அதை உணரட்டும்: "ஒளி அதன்மேல் பட்டுக் கரைந்தது, வலித்த மாதிரியே தெரியவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அலைன்மென்ட் நேரடியாகக் கணக்கில் வரும் ஓரிடம் யூனிகார்னின் வசிப்பிடம். அங்கே ஒரு நல்ல உயிர் இன்னொரு நல்ல உயிரைக் குணப்படுத்தினால் டைஸ் உருட்டாமலே முழு எண் கிடைக்கும். இது பார்ட்டிக்கும் பொருந்தும். உங்கள் கிளெரிக்கும் (குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த பூசாரி) காயம்பட்ட ஃபைட்டரும் நல்லவர்கள் என்று ஷீட்டில் எழுதியிருந்தால் எதிரியின் சோலையிலேயே அவர்களுடைய மருத்துவம் உச்சத்தில் இருக்கும். யாருடைய இடத்தில் வந்து நிற்கிறோம் என்பதைப் பிளேயருக்கு உணர்த்த இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அதே சோலையில் மந்திரமில்லாத திறந்த தீ எரியாது. பந்தம் அணைந்துவிடும், மூடிய லாந்தர் மட்டும் எரியும்.

எந்த லெவலுக்கு எது

லெவல் 1, 2 பார்ட்டிக்கு ஸ்பிரைட் (சிறகுள்ள குட்டி ஃபே), சூடோடிராகன் (குட்டி டிராகன்), பிளிங்க் டாக் (இடம்விட்டு இடம் மறைந்து தோன்றும் நாய்). மூன்றும் சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு கடினம் என்ற எண்) 1/4. ஸ்பிரைட்டின் ஹிட் பாயிண்ட் வெறும் 2. நேரில் நின்றால் செத்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, மயக்க அம்பு விட்டு, விழுந்தவரின் பையிலிருந்து கோடரியை மட்டும் எடுத்துப் போக வேண்டும். தொட்டால் ஒருவரின் மனநிலையை அறியும் சக்தியும் அதற்கு உண்டு, அதனால் பெரிய உயிர்களுக்கு ஒற்றராக நன்றாகப் பொருந்தும்.

லெவல் 3, 4 வந்துவிட்டால் கோவாட்டிலும் யூனிகார்னும். லெவல் 6க்கு மேல் இளம் உலோக டிராகன்கள்: பித்தளை 6, செம்பு 7, வெண்கலம் 8, வெள்ளி 9, பொன் 10 என்று சேலஞ்ச் ரேட்டிங் ஏறும். டிரீயன்ட் (நடக்கும் மரம்) 9, டேவா 10. சோலார் (டேவாவைவிடப் பெரிய தேவதூதர்) வேண்டாம். 21 ரேட்டிங் என்பது மட்டும் காரணமல்ல. அதன் வில், 100 அல்லது அதற்குக் குறைவான ஹிட் பாயிண்ட் உள்ளவரை ஒரே சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் டைஸ்) தவறினால் கொன்றுவிடும். உயிரைத் தவிர்க்க நினைக்கும் எதிராளியின் கையில் அந்த வில் இருப்பது கதைக்கே முரண்.

மனிதர்களையும் மறக்க வேண்டாம். ஒரு நைட், ஒரு பிரீஸ்ட், இரண்டு வீரர்கள் கொண்ட நல்ல குழு பார்ட்டியைத் துரத்தினால் அதுவே ஒரு கேம்பெயினின் பாதிக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளூர் மலையைக் களமாக்கும்போது பளியர், புலையர் போன்ற அங்கு வாழும் மக்களை "காட்டைக் காக்கும் ஃபே" என்று மான்ஸ்டர் ஷீட்டில் ஏற்ற வேண்டாம். ஊர்க்காரர்கள் கும்பிடும் சாமிக்கு ஹிட் பாயிண்ட் போடவும் வேண்டாம். மேலே இடும்பனைச் சொன்னது கதை அமைப்புக்காக. அவரை டேபிளில் நிறுத்துவதற்காக அல்ல.

முழு எடுத்துக்காட்டு: சோலையும் ஊற்றும்

பார்ட்டி: லெவல் 4, நான்கு பேர். எதிராளி: ஒரு யூனிகார்ன், 1800 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). நான்கு பேருக்கு 1500இல் "கடினம்" தொடங்குகிறது, 2000இல் "கொடியது" தொடங்குகிறது. நடுவில் சரியாக உட்காருகிறது. லெவல் 5 ஆகிவிட்டால் இதே சண்டை "எளிது" என்று இறங்கிவிடும், அப்போது துணைக்கு இரண்டு பிளிங்க் டாக் சேருங்கள்.

மேட்டில் அறுபது வீடுள்ள ஊர். சுற்றியிருந்த புல்வெளியைச் சீகை மூடியதிலிருந்து ஊர் ஊற்று ஒவ்வொரு கோடையும் குறைந்து, இந்த வருடம் நின்றேவிட்டது. ஒரு மைல் தள்ளிச் சோலைக்குள் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. அது கீழே மூன்று ஊருக்குப் பாயும் ஓடையின் தலை. மேட்டூர்க்காரர்கள் சோலையை வகுந்து வாய்க்கால் வெட்டப் போகிறார்கள். வெட்டப் போன இருவர் கருவிகள் இல்லாமல் திரும்பி வந்தார்கள். அடுத்து பார்ட்டி.

ஊர்ப் பாட்டியின் குரலில் முதல் பேச்சு: "ஊத்து நின்னு ஒரு மாசமாச்சுய்யா. பூண்டு போட்ட நெலம் வெடிச்சுக் கெடக்கு. மாட்டுக்கு எங்க போறது? சோலைக்குள்ள தண்ணி சலசலன்னு ஓடுது, அது எங்களுக்கு மட்டும் ஆகாதாக்கும்?" இதில் பொய் எதுவும் இல்லை. இருக்கவும் கூடாது.

யூனிகார்னின் பக்கம்: வாய்க்கால் வெட்டினால் சோலைக்குள் வெயிலும் காற்றும் புகுந்து மண் காயும். நான்கு கோடையில் ஊற்றே போய்விடும். அப்புறம் மேலேயும் தண்ணீர் இல்லை, கீழேயும் இல்லை. இதிலும் பொய் இல்லை.

மூன்றாவது வழியையும் வைத்துவிடுங்கள், ஆனால் விலையோடு. ஊருக்கு மேலுள்ள சரிவில் சீகையை வெட்டிப் புல்லை மீட்டால் ஊர் ஊற்று திரும்பும், இரண்டு மழைக்காலம் கழித்து. அதுவரை ஊர் என்ன குடிக்கும் என்பதுதான் உண்மையான பேரம்.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, அடைக்காமல் விட்டால் காட்சி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கிளெரிக்கிடம் 'கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர்' என்ற, நீரை உண்டாக்கும் மந்திரம் உண்டு. முதல் நிலை ஸ்லாட்டுக்கு (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு) 10 காலன், ஒரு நிலை கூடினால் இன்னும் 10. லெவல் 4 கிளெரிக்கின் நான்கு முதல் நிலை, மூன்று இரண்டாம் நிலை ஸ்லாட்டையும் கொட்டினால் நாளுக்கு 100 காலன், ஏறத்தாழ 380 லிட்டர். அறுபது வீட்டில் 240 பேர் என்றால் தலைக்கு ஒன்றரை லிட்டர். குடிக்கப் போதும், மாட்டுக்கும் பூண்டுக்கும் போதாது. கிளெரிக் அன்று ஸ்லாட் தேவைப்படும் வேறு எந்த மந்திரமும் போட முடியாது. பிளேயர் இதைச் சொன்னால் தடுக்காதீர்கள், கணக்கைத் தாளில் காட்டுங்கள். அது அவர்களுக்குச் சில நாள் அவகாசம் வாங்கித் தரும், அந்தச் சில நாள்தான் பேச்சுவார்த்தைக்குக் களம்.

நல்ல உயிர் சண்டைக்கு வரும் விதம்

கொடைக்கானல் தெருவில் காட்டுமாட்டை எதிர்கொண்டவர்களுக்குத் தெரியும்: அது எடுத்தவுடன் பாய்வதில்லை. மூச்சை உரக்க விடும், பக்கவாட்டில் திரும்பித் தன் உருவத்தைக் காட்டும், தலையைத் தாழ்த்தும். ஒவ்வொன்றும் விலகிப் போக ஒரு வாய்ப்பு. நல்ல எதிராளியையும் இப்படிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

1. அடையாளம். ஆபத்தில்லாமல் தன் இருப்பைத் தெரிவிக்கும். சோலை ஓரத்தில் பந்தம் அணைகிறது. முன்பு காணாமல்போன மண்வெட்டிகள் கழுவித் துடைத்துப் பாறைமேல் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன.

2. எச்சரிக்கை. யூனிகார்னுக்கு 60 அடிக்குள் மனத்தோடு பேசும் டெலிபதி உண்டு. உருவம் தெரியாமலே குரல் வரட்டும். என்ன செய்தால் தடுக்கும், எதுவரை பொறுக்கும் என்று தெளிவாகச் சொல்லட்டும்.

3. தடை. ஆளைத் தொடாமல் வேலையை நிறுத்துவது. 'என்டாங்கிள்' 20 அடிச் சதுரத்தில் கொடிகளை எழுப்பும், ஸ்ட்ரெங்த் சேவ் 14 (வலிமைக்கான சேவிங் த்ரோவில் 14 எடுப்பது) தவறினால் கட்டுண்டு நிற்க வேண்டும்.

4. அடக்குதல். அடித்து வீழ்த்துவது, கொல்லாமல். கைகலப்புத் தாக்குதலால் ஹிட் பாயிண்ட் பூஜ்ஜியத்துக்குப் போனால் அடித்தவர் மயக்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி மான்ஸ்டருக்கும் பொருந்தும். குளம்பும் கொம்பும் கைகலப்புதான்.

5. உயிரெடுத்தல். இன்னொரு உயிர் உடனே போய்விடும் என்ற நிலையில் மட்டும். எந்த நிலை என்று முன்பே ஒரு வரியில் எழுதி வையுங்கள். சோலைக்குத் தீ வைப்பது அப்படி ஒரு வரி.

சண்டைக்கு முன் இரண்டு முறையாவது சந்திப்பு நடந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் என்றால் பிளேயர்கள் அதை முன்னுரை என்று கடந்துவிடுவார்கள்.

சண்டையே வந்துவிட்டால்: முதல் ரவுண்டில் 'காம் எமோஷன்ஸ்' (கோபத்தைத் தணிக்கும் மந்திரம்) அல்லது 'என்டாங்கிள்', இரண்டில் ஒன்றுதான். இரண்டும் கான்சன்ட்ரேஷன் மந்திரம். இரண்டாவதைப் போட்டால் முதலாவது அறுந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான். கோபத்தில் இருக்கும் பார்ட்டி என்றால் 'காம் எமோஷன்ஸ்' நல்ல தேர்வு, ஆனால் அதற்கு ஆளானவரின் நண்பரை அவர் கண்முன் ஒரு அடி அடித்தாலும் அந்தப் பலன் போய்விடும். அதனால் அதைப் போட்ட ரவுண்டில் யூனிகார்ன் லெஜண்டரி ஆக்ஷனில் (மற்றவர் டர்ன் முடிவில் கிடைக்கும் கூடுதல் செயல்) உதைக்கக் கூடாது. பேச வேண்டும்.

இரண்டாம் ரவுண்டில் 20 அடி ஓடி வந்து பாயும். இலக்கு, கடப்பாரை வைத்திருப்பவர். கொம்போடு கூடுதலாக 2டி8 (எட்டுப் பக்க டைஸ் இரண்டு) சேதம், ஸ்ட்ரெங்த் சேவ் 15 தவறினால் கீழே விழுவார். சராசரி 8 கூட்டல் 9, ஒரே அடியில் 17. லெவல் 4 விசார்டுக்கு (மந்திரவாதி) இது பாதிக்கு மேல், அதனால் விசார்டை இலக்காக்க வேண்டாம். நல்ல உயிர் பலவீனமானவரைத் தேடிப்போய் அடிக்காது. கெட்ட எதிரியோடு ஒப்பிட்டுப் பிளேயர்கள் முதலில் கவனிக்கும் வித்தியாசமும் இதுவாகத்தான் இருக்கும்.

மொத்த ஹிட் பாயிண்ட் 67. பாதியான 33க்கு வந்ததும் நிறுத்தி நிபந்தனை பேசட்டும். 17க்கு வந்ததும் டெலிபோர்ட். ஒரு மைல்வரை போகலாம், தன்னோடு மூவரைக் கொண்டுபோகலாம், அவர்கள் சம்மதித்தால் மட்டும். எதிரியைத் தூக்கி ஊர் எல்லையில் வைத்துவிடலாம் என்று திட்டமிட்டிருந்தால் நடக்காது. ஆனால் பேச்சின் நடுவே "என்னோடு வாருங்கள், கீழே இருக்கும் ஊரைக் காட்டுகிறேன்" என்று அழைக்க இதைவிட அருமையான கருவி இல்லை. டேபிளில் ஒருவராவது சம்மதிப்பார்.

ஹீலிங் டச் (கொம்பால் தொட்டுக் குணப்படுத்துவது) மூன்று முறை உண்டு. பார்ட்டியில் ஒருவர் பாறையிலிருந்து விழுந்தோ தோழர் விட்ட அம்பு பட்டோ சாகக் கிடந்தால் யூனிகார்ன் தன் டர்னைச் செலவழித்து அவரை எழுப்பட்டும். சண்டையின் நடுவே எதிரி உங்கள் ஆளைக் காப்பாற்றினால் அடுத்த பிளேயர் டைஸை எடுக்கும்போது கை தயங்கும்.

மூடுபனியைச் சேர்க்க ஆசை வரும், மலையல்லவா. சேருங்கள், ஆனால் யூனிகார்னுக்கும் பனியில் கண் தெரியாது. இருட்டுப் பார்வை பனிக்கு உதவாது. இரு பக்கமும் பார்க்க முடியாமல் அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் ரத்தாகி, சண்டை மந்தமாகிவிடும். 40 அடி, அதாவது எட்டுக் கட்டத்துக்கு அப்பால்தான் பனி என்று வைத்தால் வில்லாளி நெருங்கி வர வேண்டும், எதிராளி விலகி மறைய இடமும் கிடைக்கும்.

கோவாட்டில், டிராகன், டேவா

தாண்டிக்குடிப் பக்கம் இருப்பது போன்ற கல்திட்டைகளைக் கற்பனை செய்யுங்கள். அடியில் புதைந்த ஒன்றைப் பார்ட்டி எடுத்தாக வேண்டும். யாருக்கோ கொடுத்த வாக்கின்படி கோவாட்டில் அதைக் காக்கிறது. லாஃபுல் குட் (ஒழுங்கு தவறாத நல்லவர்) என்பதால் வாக்கின் சொற்கள் முக்கியம். அந்த வாக்கை இரண்டு வரியில் எழுதிப் பிளேயர் கையிலேயே கொடுங்கள். "சூரியன் பார்க்க இதை எவரும் எடுத்துச் செல்ல விடேன்" என்று இருந்தால் யாராவது இரவில் வந்து கேட்பார்கள். அப்போது கோவாட்டில் சிரித்துவிட்டு வழிவிடட்டும். வேறு மிருக உருவம் எடுக்கும் சக்தி இருப்பதால் முதல் சந்திப்பில் மயிலாக வரலாம், பழனி மலையில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கோவாட்டிலின் கடி இந்த வகைச் சண்டைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) சேவ் 13 தவறினால் 24 மணி நேர நஞ்சு, நினைவிழப்பு. இன்னொருவர் ஒரு ஆக்ஷன் செலவழித்து உலுக்கினால் எழுந்துவிடுவார். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மந்திரமில்லாத ஆயுதம் அதைத் தொடவே தொடாது. லெவல் 3 பார்ட்டியில் எவரிடமும் மந்திர வாள் இல்லையென்றால் ஃபைட்டரும் ரோக்கும் முழு மாலையும் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார்கள். முன்பே ஒரு வாளோ மந்திர எண்ணெயோ கிடைக்கச் செய்யுங்கள், அல்லது அந்தத் தடுப்பை எடுத்துவிட்டுப் பாதிச் சேதம் என்று வையுங்கள்.

உலோக டிராகன்களுக்கு இரண்டு மூச்சு உண்டு. ஒன்று சேதம் செய்யும், மற்றது செய்யாது. பித்தளைக்குத் தூக்கம், செம்புக்கு வேகக்குறைவு, வெண்கலத்துக்குத் தள்ளல், வெள்ளிக்கு முடக்கம், பொன்னுக்குப் பலவீனம். எதிராளியாக வரும்போது இரண்டாவது மூச்சையே முதலில் விடட்டும். இளம் பித்தளை டிராகன் 30 அடிக் கூம்பில் விட்டால் சேவ் 14 தவறியவர்கள் ஐந்து நிமிடம் தூங்குவார்கள். விழித்தெழும்போது அவர்கள் சுமந்து வந்த பெட்டி மட்டும் காணாமல் போயிருக்கும். வெண்கலத்தோடு ஒரு கவனம்: இளம் டிராகனின் தள்ளல் மூச்சு 40 அடி தள்ளும். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையைப் போன்ற கொண்டை ஊசி வளைவில் அதைப் பள்ளத்துப் பக்கம் விட்டால் பத்தடிக்கு 1டி6 விழுச்சேதம், 200 அடிப் பள்ளம் என்றால் 20டி6. அது கொலை. நல்ல டிராகன் மேட்டுப்பக்கமாகத் தள்ளும்படி பறந்து வந்து நிற்கும். வரைபடத்தில் அதன் இடத்தை அப்படியே வையுங்கள்.

டேவா சுருக்கமாக: ஒரு டர்னில் இரண்டு அடி, ஒவ்வொன்றும் சராசரி 25. தப்புக் கணக்கானால் ஆள் செத்துவிடுவார். ஆனால் நாளுக்கு ஒருமுறை 'ரெய்ஸ் டெட்' (இறந்தவரை எழுப்பும் மந்திரம்) போடும், வைரம் தேவையில்லை, சொல் மட்டும் போதும், ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் இரு தரப்பும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதைவிட வலுவான பேச்சுவார்த்தைக் காட்சி கிடைக்காது.

கெட்டுப்போகும் இடங்கள்

அடிக்கடி நடப்பது பிரசங்கம். யூனிகார்ன் வாயைத் திறந்தால் அறவுரை வழிகிறது. ஒரு சந்திப்பில் நான்கு வாக்கியத்துக்கு மேல் அது பேச வேண்டாம், அதில் ஒன்று கேள்வியாக இருக்கட்டும். "கீழே இருக்கும் மூன்று ஊருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?" போதும்.

அதைவிட மோசமானது, கொன்ற பிறகு "அது நல்ல உயிர்" என்று வெளிப்படுத்துவது. பிளேயருக்கு அது குற்றவுணர்வைத் தராது, கேம் மாஸ்டர்மேல் எரிச்சலைத் தரும். அடுத்த கேம்பெயின் முழுக்க எல்லா காப்ளினையும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். உண்மை முன்பே தெரிந்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று தடயமாக. ஒன்றைப் பார்ட்டி கட்டாயம் தவறவிடும். முதல் செஷனுக்கு முன்பே "இதில் எதிரே நிற்பவர் நல்லவராகவும் இருக்கலாம், பேசுவது வீணாகாது" என்று நேராகச் சொல்லிவிடுவதில் எந்த ரகசியமும் கெடாது.

எதிராளி உட்கார்ந்த இடத்திலேயே இருப்பது இன்னொரு குறை. நல்லவர் என்றால் சும்மா இருப்பவர் என்று அர்த்தமில்லை. இரவில் ஊருக்குள் வந்து காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை யூனிகார்ன் குணப்படுத்திவிட்டுப் போகட்டும். மறுநாள் ஊரில் பாதிப்பேர் பார்ட்டிக்கு எதிராகத் திரும்புவார்கள். கெட்ட எதிரியால் இந்த நகர்வைச் செய்யவே முடியாது.

பார்ட்டி உடனே யூனிகார்ன் பக்கம் சாய்ந்துவிட்டால்? நல்லது, பாட்டி இருக்கிறாரே. அவர் வேறு ஆட்களை அமர்த்துவார், அவர்களும் நல்லவர்கள்தான்.

'ஸோன் ஆஃப் ட்ரூத்' (உள்ளே பொய் சொல்ல முடியாத வட்டம்) வந்தால் பயப்பட வேண்டாம். யூனிகார்ன் சந்தோஷமாக வட்டத்துக்குள் வந்து நிற்கும். அதற்குத் தெரிந்தது, தெரியாதது, சொல்ல மறுப்பது என்று மூன்று பத்தி எழுதிய அட்டை உங்களிடம் இருந்தால் போதும். அட்டை என்றால் காகித அட்டை. ஆடி மாதக் காற்றில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, லேப்டாப்பை நம்பி உட்கார வேண்டாம்.

டிரீயன்டுக்குத் தீயால் இரட்டிப்புச் சேதம் என்று தெரிந்த பார்ட்டி காட்டைக் கொளுத்தும். அது தந்திரம்தான், தடுக்காதீர்கள். ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் மலைப் புல்வெளியில் வைத்த தீ வைத்த இடத்தில் நிற்காது. காற்று வீசும் திசையை முன்பே சொல்லிவிட்டு, ஒவ்வொரு ரவுண்டும் மூன்று கட்டம் பரவ விடுங்கள்.

எக்ஸ்பியும் பின்விளைவும்

எதிராளி விலகிப் போனாலும், ஒப்பந்தம் ஆனாலும், பார்ட்டி தோற்று உயிரோடு திரும்பினாலும் தகராறு ஒரு முடிவுக்கு வந்தால் எக்ஸ்பி முழுதாகக் கொடுங்கள்: 1800, நான்கு பேருக்குத் தலைக்கு 450. கொன்றால்தான் புள்ளி என்று வைத்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. பிளேயர்கள் புள்ளி இருக்கும் பக்கம்தான் போவார்கள்.

கொன்றேவிட்டார்கள் என்றால் அலைன்மென்டை மாற்றித் தண்டிக்க வேண்டாம், உலகம் மாறட்டும். யூனிகார்ன் செத்த கணமே அதன் இடத்துப் பலன்கள் நின்றுவிடும். பந்தம் மறுபடி எரியும், சோலைக்குள் முதல்முறையாக விறகு வெட்ட ஆள் வருவார்கள். ஊற்று நான்கு கோடைக்குக் குறைந்துகொண்டே போவதை அடுத்த அடுத்த சாகசங்களில் ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஒப்பந்தம் ஆனால் அதற்கும் தேதி வையுங்கள். மேல்மலையில் அதற்கு இயற்கையே நாள்காட்டி வைத்திருக்கிறது: நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. உங்கள் உலகில் ஆண்டு வேறாக இருக்கலாம். "அடுத்த குறிஞ்சி பூக்கும்வரை சோலையில் கோடரி விழாது, அதற்குள் சரிவில் சீகை இருக்காது" என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளைக் கேம்பெயின் கோப்பில் சொருகி, சீகை வெட்டும் வேலையை யார் மேற்பார்ப்பது என்ற வரியை மட்டும் காலியாக விட்டு வையுங்கள். அந்தப் பெயரைப் பிளேயர்கள்தான் நிரப்ப வேண்டும்.